வயிறு இல்லாத பேஸ்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

இரண்டு வருடம். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் காகிதம்.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

நான் ஒரு பேஸ் வாங்கியிருக்கிறேன். உன்னுடையதைப் போல மரத்தில் செய்த, ஆள் உயர வயலின் மாதிரியான பேஸ் இல்லை. எலக்ட்ரிக். இதையும் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். ஆனால் உடம்பு கிடையாது. நீளமான ஒரு கழுத்து, அதன் கீழே ஒரு சாண் அகலப் பலகை, அடியில் மூன்று கால், மார்பில் சாய்த்துக்கொள்ள ஒரு வளைந்த கம்பி. இருப்பதிலேயே மலிவானதைத் தேடி நாலு மாதம் அலைந்தேன். வாங்கியவர்கள் எழுதியிருந்த குறைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கூட வரும் தந்திகள் மட்டம். தந்தியை முறுக்கும் பிருடைகள் இறுகிக் கிடக்கும், திருக மணிக்கட்டு வலிக்கும். தந்திகளைத் தாங்கும் குதிரையை நாமே உட்கார வைக்க வேண்டும். தெரிந்துதான் வாங்கினேன்.

பெட்டியை மாடிக்கு ஏற்றும்போது வீட்டுக்காரம்மா வழிமறித்தார். "துணி காயப்போடற ஸ்டாண்டா தம்பி? நீ ஒத்த ஆளு, உனக்கு எதுக்கு இவ்ளோ பெருசு?"

ஆமாம் என்றேன். ஏன் ஆமாம் என்றேன் என்று தெரியவில்லை.

சந்தேகம் இதுதான். குதிரையை எங்கே வைப்பது? உன்னுடையதில் முகப்பில் இரண்டு துளை உண்டு, அவற்றுக்கு நடுவில் வைத்துவிடலாம். இதில் துளை இல்லை. துளைக்குப் பின்னால் இருக்க வயிறே இல்லை. கூட வந்த தாளில் படம்தான் இருக்கிறது, படத்தில் ஒரு சிரித்த முகம் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறது.

உன் முகவரி மாறவில்லை என்று அம்மா சொன்னாள்.

ஒல்லி


பிப்ரவரி 15

ஒல்லி,

பன்னிரண்டாவது சுரம் வரும் இடத்தில் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள், இரட்டைப் புள்ளியாக இருக்கலாம். அங்கே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டு. பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டு. இரண்டும் ஒரே சுரமாக வரும்வரை குதிரையை முன்னும் பின்னும் நகர்த்து. முன்னால் சாய விடாதே. சாய்ந்த குதிரை ஒருநாள் பாய்ந்து விழும்.

சந்தேகம் தீர்ந்ததா? இனி என் சந்தேகம்.

அன்று மேடையில், இரண்டாவது பாட்டின் நடுவில், என் பேஸின் முகப்பு உடைந்து உள்ளே போனது. நாற்பது பேர் கொண்ட வாத்தியக் குழு வாசிப்பதை நிறுத்தியது. முன்வரிசையில் இருந்த ஒருவர் அது நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துக் கைதட்டினார். நீ மூன்றாம் வரிசையில் இருந்தாய். உடைந்ததை மூட்டை மாதிரி நானும் உன் மாமாவும் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நீ வாசிக்கிற வில்லை மட்டும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாய். நாலாம் நாள் வேலை கிடைத்துவிட்டது என்று ஊரைவிட்டுப் போனாய். நான் வேலையிலிருந்து திரும்பும்போது உன் பை இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு சீட்டு: "போய்ட்டு வரேன்."

வரவில்லையே.

இத்தனைக்கும் பிறகு குதிரையைப் பற்றிக் கேட்க உனக்கு வெட்கமாக இல்லையா? எனக்கு பதில் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் குதிரையைத் தப்பாக வைத்தால் காது கெட்டுவிடும். அதற்காக எழுதினேன்.

மாமா நலம். நீ எப்படி என்று கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

குதிரை சரியாக உட்கார்ந்துவிட்டது. நன்றி.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் வாசிக்கிறேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கீழ்த் தந்தியை மீட்டினால் தரை நகர்வது போல இருக்கிறது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அதே தந்தியை மீட்டினேன். ரப்பர் பேண்டு. வீட்டுக்காரம்மா ஒருநாள் கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். ஸ்டாண்டில் துணி இல்லை. நான் கண்ணை மூடி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "சத்தமே வரலையே தம்பி. ரிப்பேரா?" என்றார்.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பட்டறையில் வேலை. வில்லைகளை அளவுக்குத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது. போன மாதம் ஒரு வில்லை கோணம் தப்பி வெட்டப்பட்டிருந்தது. முதலாளி அதைத் தூக்கிக் காட்டி "யார் வேலை இது?" என்று கேட்டார். அவர் முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். பிறகு வேலைச் சீட்டைப் பார்த்தால் அதை வெட்டிய அன்றைக்கு நான் விடுமுறை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஏன் கை தானாக மேலே போனது என்று தெரியும்.

எழுத வந்தது குதிரையைப் பற்றி அல்ல. உனக்கும் தெரிந்திருக்கும்.

நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் பிசின்காரர் வீட்டுக்கு வந்தாரே, குழுவின் கருவிகளையெல்லாம் பழுது பார்ப்பவர். உன் பேஸுக்குள் கையை விட்டு அந்தச் சின்னத் தடியை நிறுத்தினார். முகப்பு அமுங்காமல் உள்ளே நின்று தாங்கும் தடி. நான் டார்ச் பிடித்தேன். "இதுக்குப் பசை கிடையாது தம்பி. தந்தி மேல இருந்து அழுத்தறதால நிக்குது. நாலையும் ஒண்ணா தளர்த்தினா படுத்துக்கும்" என்றார். அவருக்குப் பிசின்காரர் என்று பெயர் வைத்தவனே நான்தான். அவர் வாழ்க்கையில் பசை வேண்டாம் என்று சொன்ன ஒரே பொருள் அதுவாக இருக்கும். அதைத்தான் மறந்தேன்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு. நீ ஆஸ்பத்திரிப் பதிவு மேசை வேலைக்குப் போயிருந்தாய். நீ இல்லாத நேரத்தில் நான் தினமும் உன் பேஸைத் தொடுவேன். அது உனக்குத் தெரியாது. தந்திகளுக்கு அடியில் வில்லின் வெள்ளைப் பொடி அப்பிக் கிடந்தது. சுத்தமாகத் துடைத்து வைத்தால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். நான்கு தந்திகளையும் கழற்றினேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். துடைத்தேன்.

டக் என்று ஒரு சத்தம்.

சமையலறையில் ஏதோ விழுந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் ஒன்றும் விழவில்லை என்று தெரிந்துவிடும்.

தந்திகளைத் திரும்ப மாட்டினேன். சுருதி சேர்த்தேன். நீ வந்ததும் "துடைச்சு வெச்சிருக்கேன்" என்றேன். நீ என் தலையைத் தட்டினாய்.

உடைந்த பிறகு மேடைக்குப் பின்னால் பிசின்காரர் மண்டியிட்டு, பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து கேட்டார்: "வீட்ல யாராவது நாலு தந்தியையும் ஒண்ணா கழட்டினீங்களா?"

நீ சொன்னாய்: "யாரும் தொடலை."

நான் வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை முடி அறுந்திருக்கிறது என்று எண்ணினேன். ஏழு.

அதன் பிறகு குழு அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அம்மா சொல்லித்தான் தெரியும்.

நான்தான், அக்கா. இந்த மலிவுப் பேஸை ஏன் வாங்கினேன் என்று இப்போது புரிந்திருக்கும். இதில் விழுவதற்கு ஒன்றும் இல்லை.

ஒல்லி


மார்ச் 10

அக்கா,

கடிதம் வந்து சேர்ந்ததா?

திட்டியாவது எழுது.

ஒல்லி


மார்ச் 19

ஒல்லி,

வந்து சேர்ந்தது. பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மாமாவிடம் காட்டவில்லை.

திட்டச் சொல்கிறாய். மூன்று தாள் திட்டி எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தால் ஒவ்வொரு வரியும் என்னைப் பார்க்கிறது. கிழித்துவிட்டேன்.

எனக்குத் தெரியும்டா.

உன் கடிதம் வந்த பிறகு இல்லை. அன்றைக்கே. நிகழ்ச்சி அன்று மாலை சுருதி சேர்க்கப் பிருடையைப் பார்த்தேன். நான் தந்தியைச் சுற்றினால் ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு சுற்று, நூல்கண்டு மாதிரி ஒழுங்காக உட்காரும். அன்று மூன்றாவது தந்தி தன் மேலேயே ஏறி ஏறிச் சுற்றிக் கிடந்தது. நீ ஷூ கயிறு கட்டுகிற மாதிரி. ஒரு தந்தியைக் கழற்றியிருப்பான், போகட்டும் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன்.

பிறகு வேனிலிருந்து இறக்கும்போது சாய்த்தேன். உள்ளே ஏதோ உருண்டது.

ஒரு முறை. மெதுவாக. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு.

எனக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. தடி விழுந்துவிட்டது, தந்திகளைத் தளர்த்த வேண்டும், வாசிக்கக் கூடாது. குழுவின் செயலாளரிடம் போய் "இன்னைக்கு என்னால முடியாது" என்று சொல்ல வேண்டும். அது ஒரு வாக்கியம். அந்த வருடம்தான் என்னை முதல் நாற்காலிக்கு, பேஸ் வாசிப்பவர்களில் முதல் இடத்துக்கு, மாற்றியிருந்தார்கள். மூன்று பாட்டுதானே, முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தூக்கி நிறுத்தினேன்.

"யாரும் தொடலை" என்று சொன்னது உன்னைக் காப்பாற்ற என்று நினைத்திருப்பாய். நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. உண்மை அது இல்லை. நீ கழற்றினாய் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும்: "நீங்க எடுக்கும்போது தெரியலையாம்மா?"

மறுநாள் செயலாளர் பிசின்காரரைப் பற்றிக் கேட்டபோது நான் சொன்னது ஒரே வரி: "போன வாரம் அவர்தான் கை வெச்சார்." அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. முந்தைய நாள் சொன்னது பொய். எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் அசிங்கமாக இருக்கிறது.

உன் எண்ணைத் தடுத்தது கோபத்தால் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நீ என்றைக்காவது போன் செய்து ஒத்துக்கொண்டால் நான் என்ன பதில் சொல்வது? பயம்.

நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். எனக்கு அதுகூட முதலில் வரவில்லை.

அக்கா


மார்ச் 27

அக்கா,

இரண்டு வருடம் நான் அந்த டக் சத்தத்தோடு படுத்து எழுந்தேன். பல் தேய்க்கும்போது. பேருந்தில். வில்லைகள் சட்டத்தில் உட்காரும்போது ஒவ்வொன்றும் டக் என்கிறது, ஒரு நாளைக்கு அறுபது. உன் வாழ்க்கையின் ஒரே ஆசைப் பொருளை உடைத்தவன் நான் ஒருவன்தான் என்று. நீ ஒரு பாவமும் அறியாதவள் என்று. உன் முகம் நினைவுக்கு வந்தால் தெருவில் நின்றுவிடுவேன்.

நீ தெரிந்தே தூக்கி நிறுத்தினாய்.

என் தப்பை நீ பாதி எடுத்துக்கொண்டால் எனக்குப் பாரம் குறைய வேண்டும். குறையவில்லை. கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிகிறது, அதனால் இன்னும் வருகிறது.

நேற்று இதன் மட்டமான தந்திகளை மாற்றினேன். இதற்கு வயிறு இல்லை, உள்ளே தடி இல்லை. நான்கையும் ஒன்றாகக் கழற்றலாம். அந்தச் சிரித்த முகம் படத்தில் அப்படித்தான் செய்கிறது. நான் ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, சுருதி சேர்த்து, பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

பிசின்காரர் இப்போது எங்கே இருக்கிறார்? நீ போய்ச் சொல்லப் போகிறாயா, நான் வரட்டுமா?

ஒல்லி


ஏப்ரல் 9

ஒல்லி,

கோபப்படு. உனக்கு உரிமை இருக்கிறது. பாதி.

அவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போட்டோவுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறார். சின்னக் கடை. சொல்லத்தான் போனேன். உன் கடிதம் வந்த மறுநாளே.

உள்ளே நுழைந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "வாங்கம்மா. என்ன சைஸ்?" என்றார்.

என்ன சைஸ் என்று கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். கைப்பையில் ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் மாமாவும் நானும் எடுத்துக்கொண்ட போட்டோ இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். "பழுப்பா, கறுப்பா?" பழுப்பு என்றேன். பக்கத்துக் கடைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். கிளம்பிவிட்டேன்.

வாங்கப் போகும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்து, மூலைகளை விரலால் தடவிப் பார்த்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவ்வளவு அக்கறையாக ஒருவர் சுற்றிக் கொடுக்கும்போது எப்படிச் சொல்வது? இன்னொரு போட்டோவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சிரிக்காதே. இதுவரை நான்கு பிரேம். மாமாவும் நானும், மாமா தனியாக, அம்மா, பிறகு மாமாவின் பழைய சைக்கிள். மாமா கேட்கிறார், "என்ன திடீர்னு? யாரு செத்தாங்கன்னு வீடு பூரா மாட்டற?"

நான் இப்போது குழுவில் வாசிப்பது குழுவே கொடுத்திருக்கும் பேஸ். முதல் நாற்காலி இன்னும் என்னுடையதுதான். உண்மையைச் சொன்னால் அது போகும். அதனால்தான் சைக்கிளுக்கெல்லாம் பிரேம் போடுகிறேன். வேறு காரணம் கண்டுபிடிக்க முயன்றேன், கிடைக்கவில்லை.

நீ வராதே. வந்தால் நான் சொல்லவே மாட்டேன். உன்னைச் சொல்ல விட்டுவிட்டு வெளியே நிற்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 27, ரயில் நிலையத்திலிருந்து

அக்கா,

வந்தேன். உன் தெரு முனை வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம். பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் பிசின்காரர் கடைக்குப் போனேன். அவர் ஒரு சட்டத்தின் மூலையில் பிசின் தடவிக்கொண்டிருந்தார். இப்போதும் அதே வாசனை.

"அண்ணே, என்னைத் தெரியுதா?"

"அந்தம்மாவோட தம்பி. வில்லைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே."

"நாலு தந்தியையும் கழட்டினது நான்தாண்ணே."

"தெரியும்."

அவ்வளவுதான். கையை நிறுத்தவில்லை. மூலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது வரை எண்ண வேண்டும் போலிருக்கிறது. நானும் நின்றேன். பிறகு சொன்னார்:

"மூணாவது தந்தி மேல மேல ஏறிக் கிடந்துச்சு. உங்கக்கா அப்படிச் சுத்த மாட்டாங்க. நான் சுத்தியிருந்தா இந்தத் தொழிலையே விட்டுடணும்." கொஞ்சம் யோசித்து, "விட்டாச்சுதான், அது வேற" என்று சிரித்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"கேட்டேனே. நின்னது மூணு பேர். மூணு பேருக்கும் பதில் தெரியும். அப்படியும் பதில் வரலை. அதுக்கு மேல நான் என்ன சொல்ல, சொல்லு?"

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் கண்ணாடி துடைக்கும் துணியை நீட்டினார். பிறகு பார்த்துவிட்டு, அதில் துகள் இருக்கும் என்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

உன்னைப் பற்றியும் பேசினார். "வராங்க. போட்டோவைக் கொடுக்கறாங்க. நிக்கறாங்க. போறாங்க. ஆறு பிரேம் ஆச்சு. வீட்ல சுவர் மிச்சம் இருக்கா?"

ஆறா, அக்கா?

மன்னிப்பு என்று ஒரு சொல்லை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே. தெரியாதவங்க குழுவில நாற்பது பேர் இருக்காங்க. அங்க போய்ச் சொல்லு."

அதனால் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நான் செய்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். வேனைப் பற்றி ஒரு சொல் இல்லை. உள்ளே உருண்டதைப் பற்றியும் இல்லை. உன்னைப் பற்றி இருப்பது, உன் பேஸ் என்பது மட்டும்.

கையெழுத்துக்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. தற்செயலாக விழுந்த இடம் என்று எழுத நினைத்தேன். இல்லை. வேண்டுமென்றுதான் விட்டேன்.

நீ ஒன்றும் எழுதாமல் அப்படியே கொடுத்தாலும் சரி. அதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருப்பதில் நாம் இருவரும் தேர்ந்தவர்கள்.

வண்டி வருகிறது.

ஒல்லி


மே 12

ஒல்லி,

இரண்டு வரி போதவில்லை. பின்பக்கம் முழுக்க எழுதினேன். எழுதி ஒரு வாரம் பருப்பு டப்பாவுக்குப் பின்னாலேயே இருந்தது. மாமா பருப்பு எடுக்கப் போய்ப் பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் படித்தார். படித்துவிட்டு, "அந்த சைக்கிளைக் கழட்டிடலாமா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் செயலாளரிடம் கொடுக்கவில்லை. நானே எழுந்து படித்தேன். உன் பக்கத்தைப் படிக்கும்போது குரல் நன்றாக இருந்தது. அடுத்தவர் தப்பைப் படிப்பது சுலபம். தாளைத் திருப்பியதும் இறங்கிவிட்டது. "உள்ளே உருண்டது எனக்குக் கேட்டது" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். முதல் முறை யாருக்கும் கேட்டிருக்காது.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் தாளைப் பார்த்தார்கள். கடைசியில் புல்லாங்குழல்காரர் மெதுவாக, "சரி, ஆரம்பிக்கலாமா? எனக்கு எட்டு மணி பஸ்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இது குழுவில பேசி முடிவு பண்ண வேண்டிய விஷயம்மா. அதுவரைக்கும்..." என்று செயலாளர் கடிதத்தை வாங்கிக்கொண்டு பேஸைப் பார்த்தார். உறையில் போட்டு, மூலையில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். கூட பேஸ் இல்லாததால், இத்தனை வருடத்தில் முதல் தடவை பேருந்தில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார்.

பிசின்காரரைத் திரும்பக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். வரவில்லை. "பிரேமை யாரும் மேடையில தூக்கிட்டுப் போய் உடைக்கறதில்லை. நிம்மதியா இருக்கு" என்றாராம். ஆனால் ஒன்று கேட்டாராம். நம் கடிதம் வேண்டும் என்று.

கொடுத்துவிட்டார்கள்.

நேற்று பார்க்கப் போனேன். போட்டோ எதுவும் எடுத்துக்கொள்ளாமல் போனேன். வாசலிலேயே தெரிந்தது. கல்லாவுக்கு மேலே, வருகிறவர்கள் கண்ணுக்கு நேராக, பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று ஒரு பக்கத்தைப் படியெடுத்து, அருகருகே வைத்து. உன் கோணல் எழுத்து ஒரு பக்கம், என்னுடையது ஒரு பக்கம். கறுப்புச் சட்டம். மூலைகள் அவ்வளவு துல்லியம். ஒரு அம்மா குழந்தையின் போட்டோவைக் கொடுத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக. படித்து முடித்து என்னிடம் திரும்பி, "யாருங்க இவங்க?" என்றாள்.

பிசின்காரர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவர் மாதிரி.

"இது நானும் என் தம்பியும்" என்றேன்.

அவர் திரும்பிக்கொண்டு கண்ணாடி வெட்ட ஆரம்பித்தார்.

வீட்டில் கை சும்மா இருக்கிறது. விரல் தடிப்பு இளகிவிட்டால் திரும்ப வர ஒரு வருடம் ஆகும். உன் துணி ஸ்டாண்டைக் கொஞ்ச நாளைக்கு அனுப்புகிறாயா? சத்தம் வெளியே வராது என்றாயே. எனக்கு இப்போது அதுதான் சரி.

அக்கா


மே 20, பெட்டிக்குள் வைத்தது

அக்கா,

கால்களை மடக்கியிருக்கிறேன், இழுத்தால் விரியும். பேட்டரி புதியது. ஹெட்போன் முனையைக் கொஞ்சம் அழுத்திச் செருகு, இல்லையென்றால் இடது காதில் மட்டும் கேட்கும். மார்புக் கம்பியில் என் வியர்வைக் கறை இருக்கிறது, போகவில்லை.

அப்படியே அனுப்பினால் வழியில் கழுத்து வளைந்துவிடும் என்றார்கள். அதனால் தந்திகளைத் தளர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக இல்லை, நான்கையும். குதிரை கையோடு வந்துவிட்டது. துணியில் சுற்றி ஓரத்தில் வைத்திருக்கிறேன். எங்கே வைப்பது என்று உனக்குத் தெரியும்.

பலகையில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டேன். எதுவும் விழவில்லை.

யாராவது கேட்டால், நான்கையும் கழற்றியது நான்தான்.

ஒல்லி